நல்ல ரத்தம்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘நல்ல ரத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் காரணம் உள்ள கேலி. மூட்டு வீங்கி வருகிறவர்களின் ரத்தத்தைச் சோதித்து, வந்திருப்பது முடக்குவாதமா, தோல் நோயோடு சேர்ந்து வருகிற வாதமா என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம், மருந்துதான் வேறு. ஒவ்வொரு சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஒருவர் அவள்தான். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை கீழ்த்தளத்துக்குப் போவாள். அங்கே ரத்தம் எடுக்கிற அக்கா முழங்கை மடிப்பைத் தட்டி நரம்பைத் தேடுவாள். ராத்திரி தூங்கினியா, காலையில சாப்பிட்டியா என்று கேட்பாள். ஊசியை எடுத்த பிறகு பஞ்சை வைத்து இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் புலம்புவாள். கதவைத் திறந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லாத வீடு அவளுடையது. மாதம் முழுவதிலும் இன்னொரு மனுஷக் கை அவள்மேல் படுவது அந்த இரண்டு நிமிஷம்தான்.

போன மாதம் அவளுடைய சோதனைக் குழாயில் முடக்குவாதத்துக்கான எதிர்ப்பொருள் எகிறியது. நோயில்லாத ரத்தம் எகிறினால் சோதனையே தப்பு, மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே விதி. கொட்டினாள். இந்த மாதமும் எகிறியது. கிட் சரியில்லை என்று கம்பெனிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினாள். குளிர்ப்பெட்டியைத் திட்டினாள். தன் கையை மட்டும் திட்டவில்லை. காலையில் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைக்காமல் விரல் மடங்காது. குழாய் மூடியைப் பல்லால் திறக்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தாள். அவளுக்கா தெரியாது? நன்றாகவே தெரியும். சொல்லிவிட்டால் அந்தத் திங்கட்கிழமை போய்விடும், அவ்வளவுதான் பயம்.

ஆனால் முப்பது பேருடைய முடிவு இரண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முடிவு வராமல் மருத்துவர் மருந்தை மாற்ற மாட்டார். அந்த முப்பது பேரும் காலையில் எப்படி எழுந்திருப்பார்கள் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

வாசல் காவலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி ரத்தம் கொடுக்க வைத்தாள். நோயில்லாத ரத்தத்தின் இடத்தில் அவருடையதை வைத்தாள். தன்னுடையதை நோயாளிகளின் வரிசையில் முப்பத்தொன்றாவதாக வைத்தாள். காவலாளியின் ரத்தம் சமர்த்தாக இருந்தது. முப்பது பேருக்கும் முடிவு தெளிவாக வந்தது. எல்லோரையும்விட உயரத்தில் நின்றது முப்பத்தொன்று.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“எத்தன நாளா வலிக்குது?”

“மூணு மாசமா.”

“மூணு மாசமா எங்கிட்ட கைய நீட்டிட்டு உக்காந்திருந்தே. ஒரு வார்த்த சொல்லல.”

“சொன்னா இனிமே கூப்பிட மாட்டீங்கல்ல. அதான்க்கா.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பைத்தியம். இதுக்கு மருந்து ஆரம்பிச்சா ஈரல் எப்படி இருக்குன்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாக்கணும். எங்கிட்டதான் வரணும்.”

மாதத்துக்கு இரண்டு முறை. நோய் வந்திருக்கிறது, காலத்துக்கும் மருந்து, விரல்கள் கோணிப்போனாலும் போகலாம். இதையெல்லாம் அறிந்தவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது முகத்தில் தெரிந்துவிடுமே என்று வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, யாரும் கேட்காமலே சட்டைக் கையை மேலே மடித்தாள்.