அட்டையில் இருந்த பெயர்

ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த நிரந்தர வசிப்பு அட்டையை ரோஸ்மென் பேருந்து நிறுத்தத்தில் வைத்துத்தான் ஒழுங்காகப் பார்த்தாள். குடியேற்ற அலுவலக ஜன்னலில் வாங்கியபோது கண் கலங்கியிருந்ததில் தன் புகைப்படம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது மழைக்கு ஒதுங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள். ரோசமினா டோர்வில் என்று இருந்தது. அவள் பெயர் ரோஸ்மென் டோர்விலுஸ்.

ஹைத்தியிலிருந்து சிலிக்கு வந்து, தெமுகோ நகரத்து ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டே ஒவ்வொரு தற்காலிக விசாவுக்கும் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், நன்னடத்தைச் சான்று என்று சேர்த்துக் கொடுத்தவள் அவள். கொடுத்த தாள் எல்லாவற்றிலும் பெயர் சரியாகத்தான் இருந்தது. அட்டை அடிக்கும்போது யாருக்கோ கை தவறியிருக்கிறது.

வீட்டில் அவள் கணவன் வில்னேர் அதைக் கேட்டுச் சிரித்தான். கட்டிட வேலையில் தன்னை ஆறு வருடமாக வில்சன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் என்ன தேய்ந்தா போய்விட்டேன் என்றான். அடுத்த மாதம், ஹைத்திக்குப் பக்கத்து நாட்டில், சாந்தோ தொமிங்கோவில் அவள் தங்கை மர்லினுக்குக் கல்யாணம். விமானச் சீட்டுகூட எடுத்தாயிற்று. அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், திருத்தி வரும்வரை கையில் வெறும் ரசீதுதான். அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போனால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

"எண் சரியா இருக்குல்ல, அதைத்தான் பாப்பாங்க. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து மாத்திக்கோயேன்" என்றான் வில்னேர்.

"வந்து மாத்த மாட்டேன். அதுக்குள்ள எனக்கே பழகிடும்."

அவள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பிறந்த வாரம் பகல் முழுக்க நடந்து பதிவு அலுவலகத்துக்குப் போனவர், குமாஸ்தா எழுதியதை மூன்று தடவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைத்தாராம். இதை அவள் வில்னேரிடம் சொல்லவில்லை. பாதியிலேயே அழுகை வந்துவிடும்.

மறுநாள் மறுபடியும் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் அட்டையைப் பார்த்துவிட்டு, இப்படி நிறையப் பேருக்கு வருகிறது, பேசாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்றான். ரோஸ்மென் அவன் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள். ஆன்கமில். அந்த மண்ணின் பழங்குடிப் பெயர்.

"உங்களுக்கு வெறும் ஆன்கான்னு போட்டுக் குடுத்தா வாங்கிக்குவீங்களா தம்பி?"

அவன் அட்டையைக் கீழே வைத்தான். "எங்க தாத்தாவுக்கு அப்படித்தான் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டாரு" என்றான். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, "ஒவ்வொரு எழுத்தா நீங்களே சொல்லுங்கம்மா" என்றான்.

அட்டை திருத்தி வர எட்டு மாதம் ஆயிற்று. தங்கையின் கல்யாணத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தாள். மணப்பெண் உடையில் மர்லின் ஒரு தரம்கூடக் கைப்பேசி பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் பேசவும் இல்லை. ரசீது மடித்து மடித்து நான்கு துண்டாகி, ஒட்டுநாடாவில் நின்றது. பிடிவாதக்காரி என்று வில்னேர் நண்பர்களிடம் சொல்வான். குறைப்படுவது போலத்தான் தொடங்குவான். சொல்லி முடிக்கும்போது பெருமையடிப்பது போல ஆகிவிடும்.

புது அட்டை வந்த அன்று காலை அவள் விடுப்பு எடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்து மாவில் கை வைத்துவிட்டாள். முதலாளியம்மா டோன்யா எல்வீரா வந்து, எங்கே, காட்டு என்றார். ரோஸ்மென்னின் இரண்டு கையும் முழங்கை வரை மாவு.

"மேலங்கிப் பையில இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க."

அந்த அம்மாள் அட்டையை எட்ட வைத்துப் பிடித்து, எழுத்துக்கூட்டி, ரோஸ்மென் டோர்விலுஸ் என்று வாசித்தார். ரொட்டிக்கு நின்றிருந்த ஆறேழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மென் நிமிரவில்லை. உருட்டி வைத்த மாவுக்கட்டிகளின் நடுவே கைவிளிம்பால் ஒவ்வொன்றாக அழுத்திப் பள்ளம் போட்டுக்கொண்டே போனாள், வரிசை கோணாமல்.