நாத்தனார் எண்ணிய முளைகள்

விதைக்கு வயது ஏறுமே தவிர இறங்காது. அதனால்தான் அந்தப் பயறு விதையின் கணக்கைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விதைக் காப்பகத்தின் குளிர் அறையில் மூடி வைத்திருக்கும் புட்டிகளிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நானூறு விதைகளை எடுத்து, ஈரத்தாளில் பரப்பி, நூற்றுக்கு எத்தனை நன்றாக முளைத்தன என்று எண்ணிப் பழைய கணக்கோடு ஒப்பிடுவது அவள் வேலை. இந்தப் புட்டிக்கு முதல் வருடம் தொண்ணூற்று நான்கு. ஐந்தாம் வருடம் தொண்ணூறு. பத்தாம் வருடம் அறுபத்து மூன்று. இப்போது, பதினைந்தாம் வருடம், எண்பத்தாறு.

"உள்ள வச்சா இளமை திரும்புதுன்னா சொல்லுங்க, நானும் ஒரு பாட்டில்ல உக்காந்துக்கறேன்" என்றார் குளிர் அறைக்காரர்.

தற்செயலோ என்று கணக்குப் போட்டாள். நானூறு விதையில் இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் தானாக வர ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. கூடவே சோதித்த மற்றப் பத்துப் புட்டிகளின் கணக்கையும் எடுத்தாள். எல்லாம் பத்தாம் வருடம் குப்புற விழுந்து, இந்த வருடம் எழுந்து நின்றன. பத்தாம் வருடத் தாள்கள் பதினொன்றிலும் பச்சை மையில் ஒரே கையெழுத்து.

அது அவள் நாத்தனாருடையது. கணவனின் அக்கா, இப்போது அதே காப்பகத்தில் சான்றிதழ்ப் பிரிவின் தலைவி, வீட்டில் மாடிப் போர்ஷன். துண்டை நான்காக மடித்தால் மூன்றாக மடிக்கச் சொல்வார். மூன்றாக மடித்தால் முகத்தைச் சுளிப்பார்.

"அறிக்கையில காரணம் எழுதணும். உங்க அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான் இன்னிக்கு சீக்கிரமே தூங்கிட்டேன்னு வச்சுக்கோ" என்றான் அவன், தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே.

மறுநாள் நூறு விதை முளைக்க வைத்த தட்டு ஒன்றை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, இதை எண்ணித் தர்றீங்களா? நானும் எண்ணியிருக்கேன். எத்தனைன்னு இப்ப சொல்லமாட்டேன்."

"எனக்குப் பரீட்சையா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் எண்ணினார். அறுபத்து நான்கு. அவள் எண்ணியது எண்பத்தாறு.

"மிச்சம் இருபத்திரண்டை எங்கேருந்து கொண்டுவந்தே?"

எது நல்ல முளை என்று விதி சொல்லும் கையேட்டை அவள் விரித்தாள். ஒவ்வொரு முளையாக இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்கள்.

"இது கூனல்."

"லேசா வளைஞ்சா பரவாயில்லைன்னு போட்டிருக்குக்கா."

"இதுக்கு ஓரம் அழுகியிருக்கு."

"பாதிக்கு மேல நல்லா இருந்தாப் போதுமாம்."

"இது பார்க்கவே சோர்ந்து கிடக்கு."

"சோர்வுக்கெல்லாம் மார்க் குறைச்சா நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் பாஸாக மாட்டோம்."

நாத்தனாரின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருபது முளைகள் தேறின. கடைசி இரண்டை மட்டும் நாத்தனார் விடுவதாக இல்லை.

"இது ரெண்டுக்கும் வேரே இல்லையே. எப்படிச் சேத்தே?"

குனிந்து பார்த்தாள். இல்லைதான். அசடு வழிந்தபடி எண்பத்து நான்கு என்று திருத்தினாள்.

நாத்தனார் இடுக்கியைக் கீழே வைத்தார். "அந்த வருஷம் பதினோரு பாட்டிலும் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கல. எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு அறிக்கையை இழுத்து, 'பத்தாம் ஆண்டுக் கணக்கு எண்ணியவரின் கண்டிப்பால் குறைந்தது. எண்ணியவர் நான்' என்று தன் கையாலேயே எழுதி, தேதியும் போட்டார்.

இனி ஒவ்வொரு தட்டையும் இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வாரத்தில் இரண்டு பிற்பகல் நாத்தனாரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து முளைக்கு முளை வாதாடினார்கள். மாதக் கடைசியில் பார்த்தபோது இருவருக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு மூன்றாக இறங்கியிருந்தது. அந்த மூன்றில் இரண்டு, அவள் தாராளமாக நல்ல முளையென்று சேர்த்தவை. அதை நாத்தனார் அவளுக்கு முன்பே எண்ணி வைத்திருந்தார்.