மேகவேணி விளம்பரத்தில் ஒரு முதுகு

விக்கிரமங்கலத்தில் ரவிக்கை தைத்துப் பிழைத்த காத்தாயி, தன் முதுகை முதன்முதலாகப் பார்த்தது அரியலூர் சினிமாக் கொட்டகையில்தான்.

படம் தொடங்குமுன் விளம்பர சிலைடுகள் வந்துகொண்டிருந்தன. ஜவுளிக்கடை, உரக்கடை, பல்பொடி. பிறகு திரை முழுக்க ஒரு கூந்தல் வந்து நின்றது. இடுப்பைத் தாண்டி இறங்கி, ஏரிக்கரை வெயிலில் ஈரமாய் மினுங்கிய கூந்தல். பக்கத்தில் ஒரு சீசா. கீழே, 'கார்மேகக் கூந்தலுக்கு மேகவேணி தைலம்.'

ஏரிக்கரையைப் பார்த்ததுமே காத்தாயிக்குத் தெரிந்துவிட்டது, அது தன் முதுகு. போன தை மாதம் எண்ணெய்க் கம்பெனி வேனில் ஊருக்கு வந்த வெள்ளைச்சாமி, குளித்துவிட்டுக் கரையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தவளிடம், "முகம் தெரியாதும்மா, சும்மா திரும்பி நில்லுங்க" என்று கேட்டு எடுத்த படம். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

ஒளிக்கற்றையில் பீடிப்புகை சுருள் சுருளாக மிதந்தது. திரையில் இருந்தவள் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குத் தையல் மெஷின் இல்லை, மிதித்து மிதித்துக் கடுக்கும் கால் இல்லை. யாரோ அவளைக் கூப்பிடப் போகிறார்கள், அவள் மெல்லத் திரும்பப் போகிறாள். திரும்பினால் எந்த முகம் இருக்கும்? காத்தாயிக்கு அந்தச் சீசாவின் மேல் ஆசை பொங்கி வந்தது. அந்த எண்ணெயைத் தான் தொட்டதுகூட இல்லை என்பது நினைவுக்கே வரவில்லை.

பக்கத்தில் இருந்த இருசம்மாள் அவள் கையைப் பிடித்தாள். டைபாய்டு காய்ச்சலில் முடி கொட்டிப்போனதிலிருந்து தலையில் போட்ட முந்தானையை எடுக்காத சிநேகிதி. காத்தாயிதான் கெஞ்சிக் கூத்தாடி அவளைப் படத்துக்கு அழைத்து வந்திருந்தாள்.

"போறப்ப ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போவோம்டி" என்றாள் இருசம்மாள். "அவளுக்கு எப்படி வளர்ந்திருக்கு பாரு."

அப்போதுதான் காத்தாயி விழித்துக்கொண்டாள்.

படம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, மருந்துக்கடைச் சுவரிலும் அதே படம் ஒட்டியிருந்தது.

"இருசு, அது என் முதுகு."

இருசம்மாள் நம்பவில்லை. காத்தாயி கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சுவரோரம் திரும்பி நின்றாள்.

"அடிப்பாவி! இதையா தேச்சுக்கிட்டிருந்த? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"தேய்க்கலடி. எங்கம்மாவுக்கு இருந்த முடிதான் எனக்கும்."

"அப்ப கம்பெனிக்காரன் ஏன் பொய் எழுதியிருக்கான்?"

"எங்க எழுதியிருக்கான்? படி."

இருசம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். காத்தாயி உள்ளங்கையால் படத்திலிருந்த கூந்தலை மறைத்தாள். எண்ணெய் மட்டும் இருந்தது. கையை நகர்த்திச் சீசாவையும் எழுத்தையும் மறைத்தாள். ஏரிக்கரையில் ஒருத்தி சும்மா நின்றாள்.

"இவ இதைத் தேச்சான்னு அவன் சொல்லவே இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டுப் போயிட்டான். தேச்சான்னு நாமதான் சொல்லிக்கிட்டோம். என் முதுகுன்னு தெரிஞ்சும் நானே சொல்லிக்கிட்டேன்டி."

இருசம்மாள் சுவரிலிருந்த கூந்தலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னொண்ணும் அவன் சொல்லல. முடி இல்லாதவ பொம்பளையே இல்லன்னு. அதையும் நானாத்தான் படிச்சுக்கிட்டேன்."

"ஊரும்தான்டி அப்படிச் சொல்லுது."

"சொல்லட்டும்."

ஊர் பஸ்ஸில் இருசம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கரும்புக் காட்டுக் காற்று முந்தானையைத் தள்ளியது. அவள் அதை இழுத்துவிடவில்லை. மஞ்சள் வெயில் அவள் தலையில் விழுந்து கூடவே வந்தது.

விளம்பரத்தில் நிற்பவள் காத்தாயிதான் என்ற பேச்சு ஊரில் பரவியது. அதற்குப் பிறகு ரவிக்கை தைக்க வந்தவர்களெல்லாம் காத்தாயியிடம் எண்ணெயைப் பற்றித்தான் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னாள். சிலர் நம்பினார்கள். பலர், ரகசியத்தை மறைக்கிறாள் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஒருநாள் இருசம்மாள் குட்டையாய் முளைத்த முடியோடு காத்தாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். திருமானூரிலிருந்து வந்த ஒருத்தி அவள் தலையையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்களும் அதைத்தான் தேய்க்கிறீங்களாக்கா? நல்லா வருதே!"

சிநேகிதிகள் இருவரும் சிரித்த சிரிப்பில், வந்தவள் ஒன்றும் புரியாமல் தானும் சிரிக்கத் தொடங்கினாள்.