விருந்து மேசையில் சாட்சி

ரஹிலேயும் அவள் கணவர் துர்சுனும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள் என்றதும், அருள்பிரகாஷ் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிப் போய் ஹலால் கறி வாங்கி வந்தான். பன்றிக்கறி வெந்த பாத்திரம் ஆகாது என்று புதுக் குண்டானும் வாங்கினான். அதனாலேயே, பிறகு நடந்ததற்கு அவனை முழுதாகக் கோபித்துக்கொள்ளவும் அவன் மனைவி சுஜிதாவால் முடியவில்லை.

சுஜிதா ஜெர்மனியில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். அதே வார்டில் வேலை பார்த்தவள் ரஹிலே. சீனாவிலிருந்து படிக்கப் போன உய்குர் முஸ்லிம் பெண். திரும்பினால் அரசாங்கம் பிடித்து அடைத்துவிடும் என்பதால் அங்கேயே தங்கிவிட்டாள். அம்மாவின் குரலைக் கேட்டு எட்டு வருடம். சுஜிதா காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் சூப் வைத்துக் கொண்டுவந்து ஊட்டியவள் அவள்தான். தனக்கு இயேசு யார் என்று அவளிடம் ஒருநாள் சொல்ல வேண்டுமென்று சுஜிதாவுக்கு ஆசை. வாழவந்தி நாட்டு மலையூரில், தன் வீட்டில், இந்தப் பண்டிகையில் சொல்லலாம் என்றிருந்தாள்.

அருள்பிரகாஷ் முந்திக்கொண்டான். மத்தியானம் பிரியாணி பரிமாறியதும், "சுஜி, நான் சொல்றத அவங்க பாஷைல சொல்லு. ஒரே ஒரு வார்த்த" என்றான்.

அந்த ஒரு வார்த்தை ஆதாமில் தொடங்கியது. அவன் பேசும்போதெல்லாம் துர்சுன் மரியாதைக்காகக் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். சுஜிதா ஜெர்மனில் சுருக்கிச் சுருக்கிச் சொன்னாள்.

"நான் இவ்வளவு பேசுனேன், நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட?"

"சோறு ஆறுதுங்க. சாப்பிடட்டும் விடுங்க."

"சோத்தச் சூடு பண்ணிக்கலாம். ஆத்துமாவ?" அவன் நிறுத்தவில்லை. "அவங்க அம்மா விஷயந்தான் எனக்குத் தெரியுமே. இன்னிக்கே இயேசுவ ஏத்துக்கட்டும், அம்மா போன் பண்ணுவாங்கன்னு சொல்லு."

சுஜிதா அதை மொழிபெயர்க்காமல் பிரியாணியை ரஹிலே பக்கம் நகர்த்தினாள்.

"என்ன சொன்னார்?" என்றாள் ரஹிலே.

"ஒன்றுமில்லை."

"அம்மா என்றாரே. நீ தினமும் போனில் சொல்வாய், அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

வேறு வழியில்லாமல் சுஜிதா சொன்னாள்.

ரஹிலே தட்டை நகர்த்திவைத்தாள். "நான் கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டில் அரசாங்க ஆட்கள் வந்து தங்கினார்கள். பழம் வாங்கிக்கொண்டு, சொந்தக்காரர்கள் மாதிரி. எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து நாங்கள் எதை நம்ப வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். அம்மா சிரித்தபடியே பரிமாறினாள். எங்களால் எழுந்து போக முடியவில்லை. இன்று இந்த மேசையிலும் முடியவில்லை."

கணவனுக்குத் தமிழில் சொன்னபோது இதில் ஒரு சொல்லையும் சுஜிதா சுருக்கவில்லை.

அருள்பிரகாஷின் முகம் சிவந்தது. "அவனுகளும் நானும் ஒண்ணா? நல்லதுதானே சொன்னேன்!" என்று எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் போய்விட்டான்.

பாத்திரம் கழுவும்போது ரஹிலே பக்கத்தில் வந்து நின்றாள். "அவர் கெட்டவரில்லை. கறிக்காக அலைந்ததும் தெரியும். ஆனால் நீ? நான்கு வருடம் கழுத்தில் சிலுவை போட்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ என்ன நம்புகிறாய்?"

சுஜிதா காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தாள். எதைச் சொல்ல நினைத்தாலும் அது கணவன் குரலிலேயே வந்து நின்றது. ஆத்திரத்தில் கண் கலங்கியது.

"இன்றைக்கு வேண்டாம் ரஹிலே. இன்றைக்கு எதைச் சொன்னாலும் நாறிப்போகும்."

ரஹிலே துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து பஸ் ஏற்றிவிடப் போனார்கள். "என் சார்பா மன்னிப்புக் கேட்டுரு" என்று முணுமுணுத்தான் அருள்பிரகாஷ்.

"நீங்களே கேளுங்க. இனி நான் மொழிபெயர்க்கறதா இல்ல."

அவன் ஜன்னலருகே போய், "சாரி சிஸ்டர்" என்றான். ரஹிலே தலையசைத்தாள். பஸ் கிளம்பியது.

"அடுத்த வருஷமும் வரச் சொல்லு" என்றான். சுஜிதா முன்னால் நடந்தாள். நான்கு வருடத்தைப் பேசாமல் வீணாக்கியவள் அவள். ஒரு மணி நேரத்தைப் பேசியே வீணாக்கியவன் அவன். யார்மேல் அதிகக் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.