அம்மன் பேரில் ஒரு பூட்டு

கோவில்பட்டியில் கணினி மையம் நடத்துகிற உமாராணி, சரஸ்வதி பூசையன்று கடையின் பில் புத்தகங்களோடு நீலநோட்டையும் சேர்த்து அடுக்கிவிட்டாள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டெல்லாம் அதில்தான் இருந்தது. பொரிகடலை படைத்துச் சூடமும் காட்டியாயிற்று. பூசையில் வைத்த ஏட்டை மறுநாள்தான் எடுக்க வேண்டும். முன்னால் தொட்டால் படிப்பு தங்காது என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

மூன்று மணிக்கு முத்துமணி வந்தார். கயத்தாறு பக்கம் கரிசல்காட்டில் உளுந்து விதைத்திருக்கிற சம்சாரி. கூடவே, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற மகள் இசக்கிச்செல்வி. அவளுடைய உதவித்தொகை விண்ணப்பத்தைப் போன வாரம் இதே கடையில் முழுதும் நிரப்பி, கடைசிப் பட்டனை அமுக்கும்போது இணையதளம் நின்றுபோனது. இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பணம் வராவிட்டால் விடுதியை விட்டு வர வேண்டியதுதான்.

கணக்கைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும்; உமாராணி நோட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள், மடக்கினாள். ஒரு பிள்ளையின் படிப்புக்காக எடுத்தால் சரஸ்வதி கோபிப்பாளா என்று அவள் யோசித்து நிற்கையில் முத்துமணி சொன்னார்:

"அதை எடுக்காண்டாம் தாயி. செண்பகவல்லி, அட், ஒன் டூ த்ரீ. அதானே?"

"ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"எங்க தெருவுல எல்லாருக்கும் அதத்தான போட்டுக் குடுத்த? அம்மன் பேருல பூட்டு இருந்தா எவன் தொடுவாம்னு நீதான சொன்ன."

சொன்னதுதான். மறந்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்து இரங்கி, தெருவுக்கு ஒரு சாமி என்று வாயில் வருகிற பெயரையே வைத்திருந்தாள்; எந்தத் தெருவுக்கு எந்தச் சாமி என்று பார்க்கத்தான் நோட்டு.

கணக்கைத் திறந்தால் விண்ணப்பம் நேற்றே போய்ச் சேர்ந்திருந்தது. இசக்கிச்செல்வி பக்கத்து வீட்டு ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவள்தான் அனுப்பியிருக்கிறாள். தன்னுடைய விண்ணப்பத்தை அனுப்பும்போது, இவள் மறந்திருப்பாளோ என்று இதே பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து பார்த்தாளாம். ஒரு பட்டன்தான் மிச்சம் இருந்ததாம்.

முத்துமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உமாராணிக்கும் நிம்மதிதான், ஆனால் நோட்டைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று நுழைந்தது நல்ல மனசு. பிள்ளையின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்ற வருகிற கையும் அதே வழியாக நுழைந்திருக்கலாம். அம்மன் காப்பாள், சந்தேகமில்லை. அதற்காகக் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவளைக் காவலுக்கு நிறுத்துவது பக்தியாகாது.

நாளைக் காலையில் நோட்டை எடுத்ததும் அதிலுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாற்றச் சொல்லி, பிறகு அதைக் கிழித்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"ரொம்பப் பேரு இருக்காவளே தாயி."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் போட்ட பூட்டு, நான்தான் கழட்டணும்."

முதலில் இசக்கிச்செல்வியை உட்கார வைத்தாள். சாமி பேர், பிறந்த தேதி வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. மறந்துவிடும் என்றால் தாளில் எழுதி, வீட்டில் பட்டா இருக்கிற டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கலாம்.

"ஒங்ககிட்டயும் ஒண்ணு எழுதிக் குடுத்துரட்டா அக்கா?"

"வேண்டாம்ட்டி. எனக்கும் தெரியக்கூடாது."

அந்தப் பெண் தட்டத் தொடங்கியதும் உமாராணி திரும்பிக்கொண்டாள். அலங்காரத்துக்காகச் சன்னதியில் திரை போட்டிருக்கும்போது வெளியே நிற்பதுபோல, முடிந்தது என்று அவள் சொல்லும்வரை பூசைப் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.