பேனைப் பெருமாளாக்கினவள்

பவதாரிணியின் சடை இடுப்பைத் தாண்டிக் கிடக்கும். அவளைப் பெற்ற பாண்டியம்மாளுக்கு அதில் இருந்த பெருமைக்கு அளவே கிடையாது. மருத்துவமனையில் நர்ஸ் வேலை. காலையில் ஓடுகிற அவசரத்தில் தனக்கு ஒரு கொண்டையை முறுக்கிச் செருகிக்கொண்டு போகிறவள், மகளுக்கு மட்டும் சாவகாசமாக உட்கார்ந்து, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டித்தான் அனுப்புவாள்.

அந்தச் சடையைத்தான் வெட்டச் சொன்னார்கள்.

பவதாரிணி படிக்கிற பள்ளி மதுரை கே.கே. நகரில் இருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்து திறந்த கொஞ்ச நாளில் ஒன்பதாம் வகுப்பு முழுக்கப் பேன். பாடம் நடத்துகிறவரைப் பிள்ளைகள் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று யோசித்த ஒருங்கிணைப்பாளர் தமிழ்வாணி மிஸ் பாண்டியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். பெயரில் தமிழ் இருக்கிறதே தவிர அவர் வாயில் அது அத்தி பூத்தாற்போலத்தான் வரும். அன்றைக்கு விஷயம் பேன் என்பதால் தமிழிலேயே பேசினார்.

"உங்க பாப்பா லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்துச்சுல்ல?"

"ஆமா மிஸ். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துல. எம் பொறந்த ஊரு."

"அதான். உங்க பக்கம் கொஞ்சம் அழுக்கு, வேர்வை எல்லாம் இருக்கும். பேன் அதுலதான உண்டாகுது? தப்பா எடுத்துக்காதீங்க. முடிய பாப் வெட்டி விட்டுருங்க. மத்த பேரன்ட்ஸ்லாம் கேக்குறாங்க."

பாண்டியம்மாளுக்குச் சுருக்கென்றது. 'உங்க பக்கம்' அவளுக்குப் புதுசில்லை. அவளுடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற காலத்தில் கேட்ட சொல் அது. நர்சிங் படித்த விடுதியில் அவளே கேட்டிருக்கிறாள். இப்போது ஏசி அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்து விழுகிறது. அந்தப் பக்கம் கிழக்கா மேற்கா என்று, சொன்னவர்கள் யாரும் திசை பார்த்ததில்லை.

"ஒரு பேனுக்கு இம்புட்டா மிஸ்? பேனைப் பெருமாளாக்காதீங்க" என்றாள்.

வாசலில் நின்ற மகள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். உயிரியல் ஆசிரியை சுஃபியா மிஸ் குறுக்கே வந்து, சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் பவதாரிணி மேசை போடுகிறாள், அதுவரைக்கும் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். "சரி, எக்ஸிபிஷன் முடியட்டும். திங்கக்கிழமை வெட்டிட்டுத்தான் வரணும்" என்று தமிழ்வாணி மிஸ் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பாண்டியம்மாள் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. புருஷன் பேச்சிமுத்துவுக்கு வாடிப்பட்டியில் மின்வாரிய வேலை. வந்ததும் சண்டைக்குக் கிளம்பிவிடுவார் என்று அவரிடம் போனில்கூடச் சொல்லவில்லை.

"மெடிக்கல்ல வாங்கின ஷாம்பூவும் போட்டுப் பாத்தாச்சு. மருந்தே கேக்கல. கடைக்காரர்ட்ட சொன்னா, 'பேன் மருந்துக்குப் பழகிருச்சுக்கா'ங்குறார்" என்று மகளிடம் புலம்பினாள்.

பவதாரிணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேன் எப்பிடிம்மா பழகும்? செத்துப்போனது எப்பிடி வந்து பழகும்?"

"என்னத்தா சொல்ற?"

"நூறு பேன்ல ரெண்டு மூணுக்குப் பொறக்குறப்பவே மருந்து கேக்காது. ஷாம்பூ போட்டா மத்ததெல்லாம் செத்துப்போகும். அந்த ரெண்டு மூணும் ஈர் வைக்கும். அதுக வாரிசுக்கும் கேக்காது. மறுபடி போடு, மறுபடி அதுகதான் மிஞ்சும். கடைசில தலை பூரா மருந்து கேக்காத பேனாத்தான் இருக்கும். எந்தப் பேனும் பழகலம்மா. சலிச்சு எடுத்தது நம்ம ஷாம்பூதான். இதுக்குப் பேரு இயற்கைத் தேர்வு."

"சரி, அதுக்கு?"

"நம்ம ஊர்ல யாராச்சும் பேன் ஷாம்பூ போடுறாங்களா?"

பாண்டியம்மாள் யோசித்தாள். ஊரில் ஏது ஷாம்பூ? பேன் சீப்புதான், அதற்கு மிஞ்சினால் மத்தியானம் வாசலில் உட்கார்த்தி வைத்து நகத்தால் நசுக்குவதுதான். அவள் வீட்டிலும் இந்த ஷாம்பூவுக்கு முன்னால்வரை அப்படித்தான்.

"அப்ப ஊர்ப் பேன் மருந்தையே பாத்ததில்ல. பட்டா செத்துரணும். என் தலையில இருக்கிறது சாகல. அப்ப இது ஊர்ல இருந்து வந்ததா, கிளாஸ்ல இருந்து எனக்கு வந்ததா?"

பாண்டியம்மாளுக்குப் பொறி தட்டியது. அதோடு நிற்கவில்லை. மகள் கேட்டது என்னவென்றால், ஊரிலிருந்து பேன் வேண்டுமாம். கண்காட்சி மேசையில், எல்லாரும் பார்க்க, அதற்கு ஷாம்பூ போட வேண்டுமாம்.

"ஊர்ப் பேனை நாமளே கொண்டுபோயிக் கடைபரப்பவா? அதுவும் சாகலேன்னா?"

"சாகலேன்னா மிஸ் சொன்னது சரியாக்கூட இருக்கலாம். முடிய வெட்டிக்கிறேன்."

பிள்ளை சிரிக்காமல் சொன்னாள். பாண்டியம்மாள் எழுந்து போனை எடுத்தாள். ஊரில் இருந்த தம்பி பீமாராவைக் கூப்பிட்டாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். விஷயத்தை முழுக்கக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். "நான் கொண்டு வாரேன்க்கா" என்றான்.

சனிக்கிழமை காலை திருமங்கலம் வழியாக வந்த பஸ்ஸில் பீமாராவ் இறங்கினான். கையில் வாய்க்குத் துணி கட்டிய பாட்டில், அதற்குள் அவன் மகள் ரமாபாயின் முடிக்கற்றை, அதில் ஊர்ந்துகொண்டிருக்கும் பேன்கள். நல்ல நகைக்கடைப் பொட்டலத்தைப் போல அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். "தன் பேன் மதுரைக்குப் பள்ளிக்கூடம் போகுதுன்னு ரமாபாய்க்கு ஒரே பெருமைக்கா" என்றான்.

கண்காட்சிக் கூடத்தில் எரிமலை கக்கிக்கொண்டிருந்தது, ராக்கெட் நின்றது, தெர்மாகோல் அணைக்கட்டில் தண்ணீர் ஓடியது. ஆனால் கூட்டமெல்லாம் ஒரே மேசையில். மேசைக்கு மேலே தமிழில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள்: 'பேனைப் பெருமாளாக்கிப் பாருங்கள்.' நுண்ணோக்கியோடு சுஃபியா மிஸ் கேமராவை இணைத்துக் கொடுத்திருந்தார். எதிர்ச் சுவர்த் திரையில் ஒரு பேன், ஆள் உயரத்துக்கு, ஆறு கால்களையும் விரித்துக்கொண்டு நின்றது. தாய்மார்கள் 'அய்யே' என்று பின்வாங்கினார்கள், பின்வாங்கியவர்கள் போகவில்லை.

பவதாரிணி முதலில் வெங்காயத் தோலைக் காட்டினாள். செங்கல் அடுக்கியது போல வரிசையாகச் செல்கள். பிறகு பார்க்க வந்தவர்களையே பல் குத்தும் குச்சியால் உள்கன்னத்தை லேசாகச் சுரண்டித் தரச் சொல்லி, நீலச் சாயம் விட்டுக் காட்டினாள். மருத்துவர் வீட்டுப் பிள்ளையின் கன்னம், வாட்ச்மேனின் கன்னம், தமிழ்வாணி மிஸ்ஸின் கன்னம் என்று திரையில் வரிசையாக வந்தன.

"பேர் எழுதி வைக்கலேன்னா எது யாருதுன்னு எனக்கே தெரியாது" என்றாள். "எல்லா உயிரும் செல்லாலதான் ஆகியிருக்கு. ஒரு செல்லுல இருந்துதான் இன்னொரு செல் வரும். அழுக்குல இருந்து வராது, வேர்வையில இருந்து வராது, சூட்டுல இருந்தும் வராது." அடுத்து ஒரு ஈரை வைத்தாள். உள்ளே குட்டிப் பேன் கண்ணும் காலுமாகச் சுருண்டு கிடந்தது திரையில் தெரிந்தது. "ஈர் இல்லாமப் பேன் இல்ல. பேன் இல்லாம ஈர் இல்ல."

தமிழ்வாணி மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சரிம்மா, நம்ம கிளாஸுக்கு அந்த முதல் பேன் எங்கிருந்து வந்துச்சு?"

பவதாரிணி காத்திருந்தது இதற்குத்தான். மூன்று கண்ணாடித் தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் அவள் தலைப் பேன். இன்னொன்றில் வகுப்புத் தோழிகளின் தலைப் பேன். சுஃபியா மிஸ் கேட்டபோது சீவிக் கொடுக்க நிறையப் பேர் முன்வந்திருந்தார்கள். மூன்றாவதில் ரமாபாயின் பேன். எது யாருடையது என்றும், ஊரில் ஷாம்பூ கிடையாது, பேன் சீப்புதான் என்றும் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் மூன்றிலும் அந்த ஷாம்பூவை விட்டாள். பாட்டிலில் போட்டிருந்த நேரம் வரை வைத்திருந்து தண்ணீரில் அலசினாள்.

மூன்று தட்டிலும் அசைவில்லை.

பாண்டியம்மாள் மேசையை ஒட்டி வந்து நின்றாள். எல்லாமே செத்துவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. அவள் கண் மகளின் சடைக்குப் போனது. அன்று காலை போட்ட சடை, ரிப்பன்கூட நலுங்கவில்லை. முருகா, மீனாட்சி, யாராவது ஒருவர் வாருங்கள் என்று மனத்துக்குள் கும்பிட்டாள்.

"போச்சு, எல்லாம் காலி" என்றார் யாரோ ஒரு அப்பா.

"தண்ணி பட்டா மயங்கின மாதிரிதான் சார் கிடக்கும். பொறுங்க" என்றாள் பவதாரிணி. அவள் குரல் நடுங்கவே இல்லை. நர்ஸ் வேலையில் எத்தனையோ பேரின் நாடியைப் பிடித்தவள் பாண்டியம்மாள். அந்தக் கணம் தன் நாடியைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் ஒரு கால் அசைந்தது. வகுப்புத் தோழிகளின் தட்டு. பிறகு இன்னொன்று. பவதாரிணியின் தட்டிலும் ஒரு பேன் புரண்டு எழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடக்கத் தொடங்கியது. கூட்டம் மூச்சை விட்டது. அவள் ரமாபாயின் தட்டை நுண்ணோக்கிக்கு அடியில் நகர்த்தினாள். எல்லாரும் பார்த்தார்கள், ரொம்ப நேரம் பார்த்தார்கள். ஒன்றுகூட எழவில்லை.

"ஊர்ப் பேனுக்கு மருந்து கேக்குது. கிளாஸ் பேனுக்குக் கேக்கல. என் தலையில இருக்கிறது கிளாஸ் பேன்" என்றாள் பவதாரிணி.

பீமாராவ் விசில் அடிக்க விரலை மடக்கினான். பாண்டியம்மாள் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேன் ஷாம்பூ போடாத வீடு அங்கே எது?

"அப்ப யார் வீட்டுல இருந்து வந்துச்சு?" என்று ஒரு அம்மா கோபமாகக் கேட்டார்.

பவதாரிணி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். யாரைக் காட்டிக் கை நீட்டியிருந்தாலும் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அன்றைக்கு அவள் சொல்லுக்கு அம்புட்டு எடை இருந்தது.

"யார் வீட்டுதுன்னு இந்தச் சோதனை சொல்லாது ஆன்ட்டி. எங்க ஊர்ப் பேன் மாதிரி இல்லன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கு மேல சொன்னா அது சயின்ஸ் இல்ல."

பாண்டியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சடையைப் பார்த்தே இத்தனை வருஷம் பெருமைப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பெருமைப்பட வேண்டிய சாமான் சடைக்கு மேலே அல்லவா இருந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. கூட்டத்துக்காக அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது தமிழ்வாணி மிஸ் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார். திங்கட்கிழமை முடி வெட்ட வேண்டாம் என்றார். அவசரப்பட்டுப் பேசிவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். அவர் விரல் அவரை அறியாமல் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்துவிட்டுத் திரும்பியது.

"ஷாம்பூ கேக்காதுன்னா... ஊர்ல ஏதோ சீப்பு போடுவீங்கன்னு பாப்பா சொல்லுச்சே," என்றார், குரலை இறக்கி. "அது எங்க கிடைக்கும்க்கா?"

பாண்டியம்மாள் மகளின் சடையை எடுத்து முன்னால் விட்டு, ரிப்பனைச் சரிசெய்தாள்.

"எங்க பக்கம் கிடைக்கும் மிஸ்" என்றாள். "வாங்க."