நாளுக்கு மூன்று தரம் லூத்தி

என் அக்கா அருள்மலரின் கணவர் கிளமென்ற் அத்தான் கலியாணத்துக்கு முதல் சவுதியில் ஐந்து வருடம் வேலை செய்தவர். இதை நீங்கள் கேட்கத் தேவையில்லை, அவரே சொல்லுவார். சுவிஸில், எங்கள் லாங்கன்தால் ஸ்ரேசனில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினாலும் "சவுதியில..." என்றுதான் தொடங்குவார். அங்கே அவர் பார்த்தது வீடுகளுக்கு வெப்பத்தடுப்புப் போடுகிற வேலை. வெளியே ஐம்பது பாகை கொதிக்கும்போது உள்ளே ஷேக்மார் போர்வை போர்த்திப் படுத்ததற்குத் தன்னுடைய கைதான் காரணம் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. சுவருக்கு றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத் தகடு, றெஜிபோமுக்கு வெளிப்பக்கம் பொலித்தீன், யன்னல் இடுக்கெல்லாம் சிலிக்கோன். பாலைவனத்து மணலில் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராதாம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சுவிஸில் கிடைத்தது பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அந்த அவமானத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வெப்பத்தடுப்புப் போடுவதற்கு ஒரு சுவர் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆவணியில் அவர்களுக்கு பி பெர்மிற் என்கிற வதிவிட அனுமதி வந்தது. இனி மகள் மதுஜாவைக் கூப்பிடலாம். அவளுக்கு ஒன்பது வயது. அத்தான் மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு மூன்று, அக்கா வெளிக்கிட்டபோது ஐந்து. இப்போது கொழும்பில், அத்தானின் தமக்கை வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு தொலைபேசியில் நிறையக் கதைப்பாள். அத்தான் வாங்கினால் "ம்" என்பாள். ஒருமுறை, "அங்கிள், அம்மாட்டக் குடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அத்தான் ஒரு கிழமை சவுதியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிள்ளையைக் கூப்பிட ஒரு நிபந்தனை இருந்தது. குடிவரவுக் கந்தோரிலிருந்து ஆள் வந்து, பிள்ளை இருக்கத்தக்க அறை வீட்டில் உண்டா என்று பார்ப்பார். அறை சரியில்லை என்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். பிறகு இன்னும் எத்தனை வருடம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் தை மாதம் பதினேழாம் திகதி வருவதாகக் கடிதம் வந்தது.

அவர்கள் இருந்தது ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுக்காரி ஃபிராவ் லூத்தி, அதாவது திருமதி லூத்தி, தனியாக இருந்தார். அறுபத்தைந்து வயது, புருசன் தச்சராக இருந்து இறந்துபோனவர். சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் யாராவது வெறும் போத்தலைக் குப்பையில் போட்டால், அந்தச் சத்தத்தை வைத்தே எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லிவிடுவார்.

ஒரு வருடத்துக்கு முதல், வீட்டுச் சாவி தந்த அன்றைக்கு, யன்னலைக் காட்டி, "லூஃப்தே, கெல்? லூஃப்தே" என்றார். தன் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்த அத்தான் நெஞ்சில் கை வைத்து, "கிளமென்ற்" என்றார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் சத்தமாக "லூஃப்தே" என்றார். அத்தானும் மரியாதை குறையக்கூடாது என்று இன்னும் சத்தமாக "கிளமென்ற்" என்றார். அடுத்த நாள் படியடிச் சுவரில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. "திறை மால் தேக்லிஹ் லூஃப்தன்."

அதை மொழிபெயர்த்தவன் நான். என் பெயர் தயாபரன். ஒரு உணவகக் குசினியில் நான்கு வருடம் கோப்பை கழுவியதால் எங்கள் குடும்பத்தில் டொச், அதாவது ஜெர்மன் மொழிப் பண்டிதன் நான்தான். திறை மால் என்றால் மூன்று தரம். தேக்லிஹ் என்றால் நாளாந்தம். லூஃப்தன்?

"அது அந்த மனிசியின்ர பேர்தான் அத்தான்" என்றேன். "டொச்சில எல்லாத்துக்கும் வால் முளைக்கும். லூத்தியும் வால் முளைச்சு லூஃப்தன் ஆகியிருக்கு."

"நாளுக்கு மூண்டு தரம் லூத்தியை என்ன செய்யிறது?"

"வணக்கம் சொல்லச் சொல்லுறாபோல. தனிய இருக்கிற மனிசியெல்லோ."

அன்றிலிருந்து கிளமென்ற் அத்தான் காலையில் வேலைக்குப் போகும்போதும், மத்தியானம் சாப்பிட வரும்போதும், பின்னேரமும் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "குறுவெஸெக், ஃபிராவ் லூத்தி" என்றார். காய்ச்சலாய்க் கிடந்த நாளில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

ஐப்பசியில் அத்தான் மகளுடைய அறையில் கை வைத்தார். சரிந்த கூரைக்குக் கீழே இருந்த சின்ன அறை அது. "என்ர பிள்ளை வெய்யிலில வளந்தவள். ஒரு ஊசி நுழையிற குளிரும் இதுக்குள்ள வரப்படாது" என்றார். தொழிற்சாலையில் கழித்த றெஜிபோம் தகடுகளை ஒவ்வொரு நாளும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். சவுதி முறைப்படி முதலில் சுவரில் பொலித்தீன், அதற்கு மேல் றெஜிபோம், அதற்கு மேல் மெல்லிய பலகை. யன்னலைச் சட்டத்தோடு சேர்த்துச் சிலிக்கோனால் ஒட்டினார். சாவித் துவாரத்துக்குள்ளும் பஞ்சு வைத்தார். கடைசியில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அறையின் நடுவில் வைத்து எங்களைக் கூப்பிட்டார். சுடர் அசையவே இல்லை. அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பழக்கத்தில் வீட்டின் மற்ற யன்னல்களையும் ஒட்டிவிட்டார். வெளியே பனி கொட்டியது. உள்ளே அக்கா புட்டு அவித்தாள், குழம்பு கொதிக்க வைத்தாள், தோய்த்த உடுப்புகளை மகளின் அறையில் கொடி கட்டிக் காயவிட்டாள். கார்த்திகையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்தது.

"சுவர் வேர்க்குது" என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். "சூடு நிக்குது எண்டதுக்கு அதுதான் அடையாளம்."

மார்கழி நடுவில் அக்கா மதுஜாவுக்கென்று வாங்கிய கட்டிலை விரிப்பு மாற்றுவதற்காக இழுத்தாள். பின்னால் பலகைப் பொருத்துகளில் எல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். மூலையில் அது கூரை வரைக்கும் ஏறியிருந்தது. புதுத் தலையணையிலும் நாற்றம். அக்கா அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

"ஒரு மாசம் கிடக்கு. ஒரே ஒரு மாசம்" என்றாள். "இதை அந்த மனிசன் வந்து பாத்தா என்ர பிள்ளை அங்கையே கிடக்க வேண்டியதுதான்."

"சவுதியில ஒருநாளும்..." என்று அத்தான் தொடங்கினார்.

"சவுதியில ஆர் புட்டு அவிச்சது?" என்றாள் அக்கா. பிறகு எழும்பி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். அத்தான் தடுக்கப் பார்த்தார். வீட்டுக்காரி பார்த்தால் வீட்டை விட்டே எழுப்பிவிடுவா என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

ஃபிராவ் லூத்தி மேலே வந்து சுவரைப் பார்த்தார். ஏசவில்லை. யன்னலின் பிடியைத் திருப்பினார். பிடி திரும்பியது, யன்னல் அசையவில்லை. சிலிக்கோன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். தச்சரின் மனைவி அல்லவா, சுத்தமான வேலை என்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "லூஃப்தே" என்றார்.

அத்தான் குனிந்து, "குறுவெஸெக், ஃபிராவ் லூத்தி" என்றார்.

அவர் தன் நெஞ்சைத் தொட்டார். "லூத்தி." யன்னலைத் தொட்டார். கன்னத்தை உப்பிக் காற்றை வெளியே ஊதிக் காட்டினார். "லூஃப்தே." எங்களுக்கு விளங்கும்வரை மூன்று தரம் இதைச் செய்தார். நாளுக்கு மூன்று தரம், மாரிக் குளிரிலும், ஐந்து நிமிடம் யன்னலை அகலத் திறந்து பழைய காற்றை வெளியே விட வேண்டும். படியடித் துண்டில் இருந்தது அதுதான். அக்கா யன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் என் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்து, அத்தானின் சவுதி வேலையைப் பற்றி என்னிடம் கேட்டறிந்துவிட்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். சவுதியில் சூடும் ஈரமும் வெளியிலிருந்து வரும், அதனால் அங்கே பொலித்தீன் வெளிப்பக்கம் சரி. இங்கே ஈரம் வீட்டுக்குள்ளே இருக்கிறவர்களிடமிருந்து வருகிறது. மூச்சு, குளிப்பு, சமையல், காயப்போடுகிற உடுப்பு. அதை றெஜிபோமுக்குள் போகவிட்டு, வெளியே போகிற வழியில் பொலித்தீனைக் கட்டிவிட்டீர்கள் என்றார். நான் மொழிபெயர்த்தேன், இந்தமுறை சரியாக.

"அப்ப எதிரி வெளியில இல்லையோ?" என்றார் அத்தான்.

"இல்லை. நான் அவிக்கிற புட்டுத்தான் எதிரி" என்றாள் அக்கா.

போகிறபோது ஃபிராவ் லூத்தி ஒன்று கேட்டார். அப்படியென்றால் இந்த மனிதர் ஏன் ஒரு வருடத்துக்கு மேலாக நாளுக்கு மூன்று தரம் என் கதவைத் தட்டினார்? வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆ, அப்படியா" என்று சொல்லிவிட்டு, படிக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார். வேறொருவரும் அந்தக் கதவைத் தட்டி நான் கண்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அத்தான் வழமைபோல இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். "இனித் தேவையில்லையே அத்தான்" என்றேன். "உனக்கு ஒரு இழவும் விளங்காது" என்றார். "குறுவெஸெக், ஃபிராவ் லூத்தி" என்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்கிற சத்தமும் கேட்டது.

பிறகு நான்கு கிழமையும் உரித்தல்தான். அக்கா தேங்காய்க் கத்தியால் சிலிக்கோனை வெட்டினாள், நான் ஸ்பிரிற்றால் சுவரைக் கழுவினேன். அத்தான் தன் சவுதி வேலையைத் தானே பிடுங்கிக் குப்பையில் போட்டார். யன்னல் திறந்தே கிடந்ததால் எல்லோருக்கும் தடிமனும் தும்மலும். இரண்டு பூச்சு வெள்ளை அடித்தும் மூலையில் உள்ளங்கை அளவு கறை மட்டும் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் மடுமாதா படத்தைக் கொழுவலாம் என்றார் அத்தான். "மாதாவை வைச்சுக் கள்ளத்தை மறைக்கிறதோ?" என்று அக்கா மறுத்துவிட்டாள்.

பதினேழாம் திகதி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே எட்டு. கந்தோர்க்காரர் வந்தபோது வீட்டில் எல்லா யன்னலும் அகலத் திறந்திருந்தது. வீட்டுக்காரி என்ற முறையில் ஃபிராவ் லூத்தியும் வந்து வாசலில் நின்றார். வந்தவர் கழற்றப் போன ஓவர்கோட்டைத் திரும்பப் பூட்டிக்கொண்டு, மிகத் திருப்தியோடு, "நீங்கள் காற்று விடுகிறீர்கள்" என்றார்.

"திறை மால் தேக்லிஹ், ஃபிராவ் லூத்தி" என்றார் அத்தான், பயத்தில் வாய் பழக்கப்படி ஓடிவிட்டது. வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. வெளிநாட்டவர் இவ்வளவு நன்றாகக் கலந்து வாழ்வதைக் கண்டால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்றார். எங்கள் நால்வரின் பல்லும் கிட்டியது. சுவிஸில் ஒருவன் கலந்து வாழ்கிறானா என்பதை அவன் எவ்வளவு நடுங்குகிறான் என்று பார்த்துத்தான் அறிவார்கள் போல.

பிறகு அவர் மூலையில் குனிந்தார். பேனை முனையால் கறையைத் தொட்டார். "இது என்ன? பூஞ்சணமா?"

அக்காவின் கை என் முழங்கையை நெரித்தது. நான் அறிந்த டொச் எல்லாம் மறந்துபோயிற்று.

"அது பழைய கறை" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "என் புருசன் போட்ட கூரை ஒருகாலத்தில் அந்த இடத்தில் ஒழுகியது. இவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

கந்தோர்க்காரர் நிமிர்ந்து, தலையாட்டி, தாளில் ஒரு சரி போட்டார். அவர் போன பிறகு ஃபிராவ் லூத்தி என்னிடம் சொன்னார், "என் புருசன் முப்பது வருடம் போட்ட கூரைகளில் ஒன்றுகூட ஒழுகியதில்லை." அத்தானுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யன்னலைச் சாத்தப் போனார்.

பங்குனியில் மதுஜா வந்தாள். சூரிச் விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அத்தானைப் பார்த்து, "வணக்கம் அங்கிள்" என்றாள். ரயிலில் அத்தான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, லாங்கன்தால் வரைக்கும் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் அன்றைக்கு அவர்கள் வீட்டு ஹோலில் படுத்தேன். காலை ஏழு மணிக்கு அத்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனார். நான் கதவடியில் நின்றேன். அவர் யன்னலை அகலத் திறந்தார். குளிர் ஓடிவந்து கட்டிலில் ஏறியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல். "குளிருது."

அத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யன்னலைச் சாத்தினார். கீழ் இடுக்கில் ஒரு துவாயையும் சுருட்டி வைத்தார்.

"அப்பாடா" என்றாள் மதுஜா, கண் திறக்காமலே, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு.

அத்தான் அசையாமல் நின்றார். பிறகு என்னைத் தாண்டிப் படியில் ஓடினார். கீழே கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "ஃபிராவ் லூத்தி, ஃபிராவ் லூத்தி" என்றவர், அதற்கு மேல் டொச் கிடைக்காமல் மேலே பார்த்துக் கத்தினார். "தயா, இஞ்சை வந்து இந்த மனிசிக்குச் சொல்லு. என்ர பிள்ளை என்னை அப்பா எண்டிட்டாள்."

நான் இறங்கிப் போனேன். அவர் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.